மேசையில் இரண்டு தட்டு

உன்னுடைய ஹெட்போன் என் மேசையில் கிடக்கிறது. காதில் வைக்கும் பஞ்சு உக்கிப்போனபோது உன் கடுகு நிறச் சேலையின் ஓரத்தை வெட்டிச் சுற்றித் தைத்தாயே, அதே ஹெட்போன். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். துணியில் உன் தலை எண்ணெய் மணம் இன்னும் இருக்கிறதா, இருக்கவேண்டும் என்று என் மூக்கு அடம்பிடிக்கிறதா தெரியவில்லை. வயரை எலி கடித்துவிட்டது. இனி அதில் ஒரு சத்தமும் கேட்காது. ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கூட்டத்துக்கு உட்கார்ந்தேன்.

என்ன கூட்டம் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அந்த மனிதருக்குப் பாராட்டு விழா. நேரில் அல்ல, திரையில். அழைப்பிதழில் அவருடைய படத்துக்குக் கீழே "கிழக்கில் இணையவழிக் கற்பித்தலைத் தொடங்கிவைத்த முன்னோடி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் வகுப்பை, உன் முறையை, உன் குரலை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இத்தனை வருடமாக அவர் மாலை வாங்கித் திரிகிறார். நீ மண்ணுக்குள் கிடக்கிறாய்.

"விடுகா" என்பாய். தெரியும். நீ சொல்லி நான் கேட்காதது வாழ்க்கையில் அந்த ஒன்றுதான். நீ விட்டாய். நான் விடவில்லை. விட்டிருந்தால் இப்போது உனக்கு எழுத ஒரு நல்ல செய்தி இருந்திருக்காது.

சுனாமியாகக் கடல் வந்து போன மறுநாள் நினைவிருக்கிறதா? உன் அம்மாவைத் தண்ணீர் கொண்டுபோய் ஒரு நாள்தான் ஆகியிருந்தது. செட்டிபாளையத்திலும் தேற்றாத்தீவிலும் மிஞ்சிய நாங்கள் எல்லோரும் வாவிப் பக்கமாக ஒதுங்கிக் குந்தியிருந்தோம். அப்போது படுவான்கரையிலிருந்து தோணிகள் வந்தன. வாவிக்கு அப்பால் வயல் செய்கிற சனம், தங்கள் வீட்டுப் பானையைக் கவிழ்த்து அள்ளிக்கொண்டு வந்த சோறும் பருப்பும் பூசணிக்காயும். முன்பின் தெரியாத ஒருத்தி உன் கையில் சோற்றுப் பார்சலை வைத்து, "தின்னு மகள், அழுறதுக்கும் தெம்பு வேணும்" என்றாள். நீ தின்றாய். அழுதாய். மறுபடியும் தின்றாய்.

அந்தச் சோறுதான் உன்னைப் பிறகு கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தியது. அது யாருக்கும் தெரியாது. அந்த முன்னோடிக்குத் தெரிய நியாயமே இல்லை.

புனர்வாழ்வுக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் வேலைக்கென்று வாவியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அறை போட்டு, கூரையில் வட்ட அன்டனாவும் உள்ளே கொம்பியூட்டரும் வைத்தார்கள். இந்தப் பக்கத்து அறைக்கு அவர்தான் பொறுப்பதிகாரி. அறை பின்னேரங்களில் பூட்டிக் கிடக்கும். நீ கணக்கு டீச்சர், நான் விஞ்ஞானம். இருவருக்கும் பள்ளிக்கூடம் என்று இருந்தது ஒரு தகரக் கொட்டில். படுவான்கரைப் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு ஆளே இல்லை என்று நீ எங்கோ கேள்விப்பட்டாய். கணக்கில் தவறினால் பிள்ளை அத்தோடு சரி, மேலே படிக்க ஒண்ணாது. அவரிடம் போய்ப் பின்னேரத்தில் அறையைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டாய். முதலில் சிரித்தார். பிறகு, தன் அறிக்கையில் எழுத ஏதாவது கிடைக்கும் என்று நினைத்திருப்பார், சாவியைத் தந்தார். அந்த முன்னோடி செய்த மொத்த வேலையும் சாவி தந்ததுதான்.

முதல் வகுப்பு சந்தை இரைச்சல். குரல் வானத்துக்குப் போய் இறங்கி வருவதற்குள் நீ அடுத்த வசனத்தைத் தொடங்கியிருப்பாய். அவர்கள் முந்தினதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் மோதிக்கொள்ளும். படம் வேறு உறைந்து உறைந்து நிற்கும். படம் ஓடினால் குரல் அறும். இரண்டாம் நாள் நீ ஒரு முடிவோடு வந்தாய். "முகத்த மறுகா பாக்கலாம், முதல்ல கணக்கு" என்று வெப்கேமை நிறுத்தினாய். அந்தப் பக்கமும் நிறுத்தச் சொன்னாய். குரல் தெளிந்தது.

பிறகு அந்தத் தட்டு. பேசி முடிந்தால் பென்சிலால் மேசையில் இரண்டு தட்டு: நான் முடித்துவிட்டேன், இனி நீ பேசு. ஒரு தட்டு: கேட்டது. மூன்று தட்டு: கேட்கவில்லை, திரும்பச் சொல்லு. அவ்வளவுதான் முறை. தட்டுக்கு முன் இந்தக் கரையிலோ அந்தக் கரையிலோ ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. மோதல் ஒரே கிழமையில் நின்றது. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டிலும் தட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று அங்கேயிருந்து செய்தி வந்தது. சோறு போடச் சொல்லிக்கூடக் கோப்பையில் இரண்டு தட்டு என்றார்கள்.

ரூபியை மறக்கமாட்டாய். படுவான்கரையில் கடைசி வரிசை வாங்கிலிருந்து எப்போதும் மூன்று தட்டு தட்டுகிறவள். அன்டனாவில் கோளாறோ என்று நான் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். நீ சிரிப்பாய். "அவளுக்குக் கேக்குதுகா, வெளங்கல்ல. வெளங்கல்ல எண்டு சொல்லத்தான் வெக்கம்" என்றாய். அதற்குப் பிறகு மூன்று தட்டுக் கேட்டால் நீ அதையே திரும்பச் சொல்லமாட்டாய். வேறொரு வழியாகச் சொல்லுவாய். வட்டையில் வயலைப் பங்கு பிரிப்பது போலப் பின்னத்தைப் பிரித்துக் காட்டியது அப்படி ஒரு நாள்தான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு தட்டு வந்தது. நீ என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

போர் மூண்டு நிலைமை கெட்டுக்கொண்டு வந்தது. எங்கள் கரை இராணுவத்தின் கையில், படுவான்கரை இயக்கத்தின் கையில். துறையில் சோதனை கூடியது. வாவியைக் கடக்கிற பாதைப் படகு ஓடும் நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு. ஆசிரியர்கள் வாவியைக் கடக்கப் பயந்தார்கள். உன் குரல் மட்டும் ஒருவரிடமும் அடையாள அட்டை காட்டாமல் கடந்துகொண்டிருந்தது. அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை நெருங்கியது. கடைசி மீட்டல் வகுப்பு என்று ஒன்றை வைத்தாய். அதற்குப் பிறகு அன்டனா இருக்குமோ பிள்ளைகள் இருப்பார்களோ என்று எங்களுக்குத் தெரியாது.

அன்றைக்கென்று அவர் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல சப்பாத்துப் போட்ட நாலைந்து வெளிநாட்டுக்காரர், ஒருவர் கையில் பெரிய கமரா, கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர். அறைக்குள் வந்ததும் கறுப்புத் திரையைப் பார்த்து அவருக்கு முகம் சுருங்கியது. படத்தைப் போடச் சொன்னார். படம் போட்டால் குரல் அறும் என்று நீ பணிவாகத்தான் சொன்னாய். அவர் தானே குனிந்து போட்டார். திரையில் பிள்ளைகள் கலங்கல் தண்ணீருக்குள் நிற்பது மாதிரித் தெரிந்தார்கள். விருந்தாளிகள் கை தட்டினார்கள். அந்தப் பக்கமிருந்து மூன்று தட்டு வந்தது. ரூபி மட்டுமல்ல, முழு வகுப்பும். மூன்று, மூன்று, மூன்று என்று மழை மாதிரி வந்தது. நீ படத்தை நிறுத்தக் கையை நீட்டினாய். அவர் உன் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினார். சிரித்துக்கொண்டே. "படம் இல்லாட்டி இவங்க என்னத்தப் பாக்கிற, டீச்சர்?" என்றார்.

அந்தச் சிரிப்பை நான் மறந்தேன் என்று நினைத்தாயா?

விருந்தாளிகள் தேநீர் குடித்து முடித்துப் படம் எடுத்து முடித்து வெளியேறும்போது வகுப்பு நேரம் போய்விட்டது. வாசலில் வைத்து, எல்லோருக்கும் கேட்க, நீ அவரிடம் ஒன்று சொன்னாய். குரலை உயர்த்தவில்லை. "நீங்க பாக்க வந்தீங்க, ஐயா. அதுகள் கேக்க வந்ததுகள்." மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே விருந்தாளிகளுக்குச் சொல்லிவிட்டார். அவருடைய காது சிவந்ததை நான் பார்த்தேன். எனக்கு அது அன்றைக்குத் தேனாக இருந்தது.

தேன் நாலு நாள்கூட இனிக்கவில்லை. அந்தக் கிழமையே அறைக்கு அவரோடு ஒரு ஆள் வந்தார், யாரென்று அறிமுகமில்லை. நான் பக்கத்து மேசையில் பிள்ளைகளின் தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பொறுப்பதிகாரி அந்த ஆளிடம் சர்வ சாதாரணமாக, மழை வருமோ என்று கேட்கிற குரலில் சொன்னார்: "அந்த டீச்சர் படத்த மறைச்சிப்போட்டு மேசையில தட்டித் தட்டி அங்கால கரையோட என்னமோ கதைக்கிறா. எனக்கெண்டா வெளங்கல்ல." அந்தக் காலத்தில் அந்த ஒரு வசனம் போதும் ஒரு வீட்டுக்கு விளக்கணைக்க. அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் சொல்லியிருந்தால் நான் இன்றைக்கு இப்படி எழுதமாட்டேன்.

அப்போதே எழுந்து, அது கணக்கு வகுப்பின் முறை என்று அந்த ஆளுக்கு நான் விளக்கினேன். அந்த ஆள் தலையாட்டிக்கொண்டு போனார். ஓடி வந்து உன்னிடமும் சொன்னேன். என்றாலும் விசாரணைக்கென்று உன்னைக் கூட்டிப்போனார்கள். மேசையில் தட்டுவதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுக் கேட்டு, நீ சொன்னதை நம்பாமல், மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். பிறகு ஒருவாறு விட்டார்கள். அங்கே என்ன நடந்தது என்று நீ முழுதாக ஒருநாளும் சொல்லவில்லை. நான் அவருடைய பெயரை எடுத்தபோதுதான் "விடுகா" என்றாய். அறை பூட்டப்பட்டது. கொம்பியூட்டர் அவருடைய அலுவலகத்துக்குப் போனது. உனக்குத் தூரத்துப் பள்ளிக்கூடமொன்றுக்கு மாற்றம் வந்தது. பெண் பிள்ளை தனியாகப் போகும் ஊரா அது?

அடுத்ததாகப் படுவான்கரைச் சனமே கிளம்பியது. ஷெல் விழ விழ வாவியைக் கடந்து எங்கள் பக்கத்துக்கு வந்து தறப்பாள் கொட்டகைகளில் ஒதுங்கியது. நீ லீவு போட்டுவிட்டு வந்தாய். சோற்றுப் பார்சலோடுதான். முகாமில் தண்ணீருக்கு நிற்கிற வரிசை வழியாக நாங்கள் நடந்தபோது சட்டென்று நின்றாய். பாதி நிரம்பிய வாளியோடு நின்ற ஒரு மெலிந்த பிள்ளை யாரோடோ தண்ணீருக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். உனக்கு அந்த முகத்தைத் தெரியாது, குரல் தெரியும். "ரூபியா?" என்றாய். அவள் உன்னைப் பார்த்து விழித்தாள். அவளுக்கும் உன் முகம் தெரியாது. நீ குனிந்து அவளுடைய வாளியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாய். அந்தப் பிள்ளை வாளியைப் போட்டுவிட்டு உன்னைக் கட்டிப்பிடித்தது. தண்ணீர் முழுவதும் எங்கள் காலில் கொட்டியது. வரிசையே எங்களை ஏசியது.

போர் முடிந்தது. தெருவெல்லாம் புதுப் பலகைகள் முளைத்தன. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் பெயர். அவரும் ஒரு மேடையில் ஏறி, வாவிக்கு மேலால் கல்வியைப் பாலமாகப் போட்ட கதையைச் சொன்னார். அன்று எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பின்னால் தொங்கவிட்டிருந்தார்கள். படத்தில் உன் கை மட்டும் தெரிந்தது. ஓரத்தில், வெப்கேமை நோக்கி நீட்டிய கை. முகத்தை வெட்டிவிட்டார்கள். நான் உனக்கு அதைச் சொன்னபோது நீ சிரித்தாய்.

எத்தனை வருடம் போனாலும் நீ ஒரு வெப்கேமுக்கு முன்னால் திரும்ப உட்காரவில்லை. உனக்கு நோய் வந்து முற்றி, ஆஸ்பத்திரியில் குரலும் போன பிறகு, ஒரு பின்னேரம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாய். ஏதோ சொல்ல வாயை அசைத்தாய். வரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு கட்டில் கம்பியில் விரலால் இரண்டு தட்டினாய். நான் அழுதுகொண்டு ஒரு தட்டுத் தட்டினேன். கேட்டது என்று. அதற்குப் பிறகு நீ எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

கொரோனா வந்து உலகமே திரைக்கு முன்னால் குந்தியபோது நீ இல்லை. ஓய்வு பெற்றிருந்த நான் இளம் ஆசிரியர்களுக்கு லிங்க் அனுப்புவது, மியூட் செய்வது எல்லாம் காட்டிக்கொடுத்தேன். ஊரில் அதனால் எனக்கொரு பெயர் வந்தது. விழாக்காரர்கள் என்னிடமே வந்தார்கள். அவரே போன் எடுத்தார். "தங்கச்சி, நீங்கதானாம் இதெல்லாம் நல்லாச் செய்யிற ஆள், அண்டைக்கு ஹோஸ்டா நிக்கோணும்" என்றார். என்னை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. ஓம் ஐயா, செய்வம் என்றேன். என் குரல் எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா?

ரூபிக்குப் போன் எடுத்தேன். அவள் இப்போது வந்தாறுமூலையில் கணிதம் படிப்பிக்கிறாள். மற்றப் பிள்ளைகளுக்கு அவள் எடுத்தாள். ஒருவன் டோஹாவில், ஒருத்தி கனடாவில், பலர் இன்னும் படுவான்கரையில் வேளாண்மை. எல்லோருக்கும் லிங்க் போனது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வேட்டி சால்வையோடு, பின்னால் விருதுகள் அடுக்கிய அலுமாரியோடு வந்து உட்கார்ந்தார். என் கழுத்தைப் பார்த்து, "என்ன தங்கச்சி, பழைய காலத்துச் சாமான்" என்று பகிடி விட்டார். நானும் சிரித்தேன். பேசினார், பேசினார். உன் தட்டு முறையைக்கூடத் தன் கண்டுபிடிப்பு என்றார். அதற்கு ஏதோ தொழில்நுட்பப் பெயரும் வைத்திருந்தார். பேசி முடித்ததும் கேள்வி கேட்கலாம் என்று நான் அறிவித்தேன். ரூபி கை உயர்த்தினாள்.

"ஐயா, வகுப்பு தொடங்கக்குள்ள முதல்ல என்ன செய்யிற?"

"கடவுள் வணக்கம்தான், வேறென்ன" என்றார்.

"இல்ல ஐயா. படத்த நிப்பாட்டுற" என்று சொல்லி அவள் தன் படத்தை நிறுத்தினாள். அவளுடைய சதுரம் கறுத்தது. கறுப்பில் வெள்ளையாக ஒரு பெயர் தெரிந்தது. அவளுடைய பெயரல்ல, உன் பெயர். பிறகு டோஹாக்காரன். அவனுடைய சதுரத்திலும் உன் பெயர். கனடாவில் உன் பெயர். படுவான்கரையில் வயலோரம் நின்று போனில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரிடமும் உன் பெயர். ஒவ்வொன்றாகக் கறுத்துக் கறுத்து, கடைசியில் திரை முழுவதும் உன் பெயராகவே நின்றது. நடுவில் சால்வையோடு அவருடைய முகம் மட்டும். பிறகு சத்தம் வந்தது. டொக் டொக். ஒரு சதுரம். டொக் டொக். இன்னொன்று. நாங்கள் முடித்துவிட்டோம், இனி நீங்கள் பேசுங்கள்.

ஹோஸ்ட் நான். அவருடைய மைக்கை மூட என்னால் முடியும். மூடவில்லை. மூடியிருந்தால் பேச விடவில்லை என்று நாளைக்குச் சொல்லுவார். மைக் முழுதாகத் திறந்தே இருந்தது, அவர் மூச்சு வாங்குவது எல்லோருக்கும் கேட்டது. "அந்த டீச்சர்..." என்று தொடங்கினார். பெயர் அவருக்கு மறக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. தட்டு நிற்கவில்லை. அவர் எழும்பிப் போய்விட்டார். வெறும் கதிரையும் விருது அலுமாரியும் கொஞ்ச நேரம் திரையில் இருந்தன. நான் அதையும் நிறுத்தவில்லை.

எனக்கு இனித்தது. உன்னிடம் எதற்குப் பொய்? வயிறு குளிர்ந்தது. அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டேன்.

நேற்றுப் பின்னேரம் அவர் போன் எடுத்தார், படத்தோடு. கண்ணெல்லாம் கலங்கி, தலையைத் தாழ்த்திக்கொண்டு இருந்தார். அந்தக் காலம் அப்படி, தங்கச்சி, ஆரும் வேணுமெண்டு செய்யல்ல என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் பதிவை ஒருவருக்கும் அனுப்பவேண்டாம் என்றார். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வரும். உனக்கு வந்திருக்கும். முகம் காட்டுவதில் அவர் எப்போதும் கெட்டிக்காரர்.

"ஐயா, குரல் அறுந்து அறுந்து வருது. படத்த நிப்பாட்டிப்போட்டுச் சொல்லுங்க" என்றேன்.

பொய்தான். குரல் மணி மாதிரிக் கேட்டது. கொஞ்சம் தயங்கிவிட்டு நிறுத்தினார். திரை கறுத்தது. அன்று அறைக்கு வந்த அந்த ஆளிடம் உன்னைப் பற்றி அவர் சொன்ன வசனத்தை, எழுத்துப் பிசகாமல், அவருக்கே சொன்னேன். பக்கத்து மேசையில் இருந்தது நான்தான் என்றும் சொன்னேன். சொல்லி முடித்து மேசையில் இரண்டு தட்டினேன்.

முகம் இல்லாமல் அவரிடம் சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை. இருந்திருந்தால், ஒரே ஒரு வசனம் உண்மையாக வந்திருந்தால், ஒருவேளை நானும் விட்டிருப்பேன். மறுபடியும் தட்டினேன். அவர் போனை வைத்துவிட்டார்.

பதிவை ரூபிக்கு அனுப்பிவிட்டேன். பாராட்டு விழா நடத்தியவர்களுக்கும் அனுப்பிவிட்டேன். மன்னிக்கச் சொல்லி நீ கேட்பாய் என்றால், உன் பங்கு மன்னிப்பு உன்னோடு போய்விட்டது, என்னிடம் அதில் மிச்சம் இல்லை. என்னிடம் இருப்பது வயர் அறுந்த இந்த ஹெட்போனும் கட்டில் கம்பியில் நீ தட்டிய அந்த இரண்டு தட்டும்தான். நீ முடித்துவிட்டாய், இனி நான் பேசவேண்டும் என்றுதானே அதற்கு அர்த்தம். நான் இன்னும் முடிக்கவில்லை.